கிறஷரில் வேலை செய்யும் தம்பி: மாஸ்க் மட்டும் போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். தம்பிக்கு 31 வயது. திருகோணமலை நகருக்கு வெளியே ஒரு கல் கிறஷரில் ஏழு வருஷமாக வேலை. கிறஷர் ஓடாத நாட்களில் மேசனோடு போய் டைல்ஸ், கிறனைட் வெட்டிக் கொடுக்கிறார். முதலாளி ஆஸ்பத்திரியில் போடும் நீல மாஸ்க்கைப் பெட்டியோடு வாங்கி வைத்திருக்கிறார். தம்பிக்கு இருமலும் இல்லை, இளைப்பும் இல்லை. பின்னேரம் பனங்கட்டி கடித்துப் பிளேன்ரீ குடித்தால் தூசி வயிற்றோடு போய்விடும் என்கிறார். நீங்கள் பயப்படுவது நியாயமா, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயம் நியாயமானதுதான். பனங்கட்டியில் தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் இதை நம்புகிறார்கள். நாம் விழுங்குவது உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போகிறது. தூசி மூச்சுக்குழாய் வழியாக நெஞ்சுக்குப் போகிறது. தொண்டையில் ஒட்டிய பெரிய தூசியை இனிப்பும் தேநீரும் இறக்கிவிடலாம், தொண்டை சுகமாக இருக்கும். நுரையீரலின் அடியில் உட்கார்ந்துவிட்ட தூசியை வாழைப்பழமோ பாலோ பனங்கட்டியோ எட்டவே எட்டாது.

எந்தத் தூசி அப்படி அடிவரை போகிறது என்பதுதான் முக்கியம். நிலாவெளிக் கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. அதில் உருண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் வருவதில்லை. மணல் பருமன் பெரியது, அலையில் உருண்டு விளிம்பு மழுங்கியது, மூக்கைத் தாண்டாது. அதே குவார்ட்ஸ் கருங்கல்லிலும் இருக்கிறது, கிட்டத்தட்ட நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை. கிறஷரின் தாடை கல்லை நொறுக்கும்போது அது 4 மைக்ரோனுக்கும் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகளாகப் பறக்கிறது. நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்பு என்றால் அளவு புரியும். அப்போதுதான் உடைந்த மேற்பரப்பு என்பதால் அதன் வீரியமும் பழைய தூசியைவிட அதிகம்.

இவ்வளவு சிறிய துகள் கண்ணுக்குத் தெரியாது. கிறஷரில் வெள்ளைப் புகைபோல எழும்புகிறதே, அதில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பெரிய துகளைத்தான். அது சட்டையிலும் புருவத்திலும் படிந்துவிடும். 1 மைக்ரோன் துகள் அசையாத காற்றிலேகூட நெஞ்சு உயரத்திலிருந்து தரைக்கு வர ஐந்து மணித்தியாலம் போல எடுக்கும். “இப்ப தூசி அடங்கிட்டு, மாஸ்க்கைக் கழற்றலாம்” என்று ஒருவர் சொல்லும்போது அந்தச் சின்னத் துகள் அவர் முகத்துக்கு நேரே மிதந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு வரை பொறுக்கலாம்? அமெரிக்காவில் 2016இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணித்தியால வேலையின் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் படிகச் சிலிக்கா இருக்கக் கூடாது. உடல் வேலை செய்கிறவர் ஒரு நாள் வேலையில் சுமார் 10 கன மீற்றர் காற்றை இழுப்பார். பெருக்கிப் பாருங்கள்: 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். ஒரு சீனிக் குறுணியின் எடை. முழு நாளுக்கும் அவ்வளவுதான் மேல் எல்லை.

உள்ளே போன பிறகு நடப்பது இது. நுரையீரலின் காற்றுப் பைகளில் துப்புரவு செய்யும் உயிரணுக்கள் உண்டு. அழுக்கை விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் வேலை. குவார்ட்ஸை விழுங்கும் அணுவோ அதைச் செரிக்க முடியாமல் தானே செத்துவிடுகிறது. துகள் வெளியே விழுகிறது, அடுத்த அணு வந்து விழுங்குகிறது, அதுவும் சாகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு சின்னப் புண், பிறகு ஒரு சின்னத் தழும்பு. தழும்பு சேர்ந்து முடிச்சாகிறது, முடிச்சுகள் சேர்ந்து கட்டியாகின்றன. பஞ்சுபோல விரிய வேண்டிய நுரையீரல் விறைத்துப் போகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். தூசியை விட்டு விலகிய பிறகும், உள்ளே தங்கிய துகள் இந்த வேலையைத் தொடரக்கூடும்.

ஏழு வருஷமாக இருமல் இல்லை என்பதை வைத்து மனதை ஆற்றிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மெதுவாக வருகிற வகை பத்து வருஷத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். தூசி கடுமையாக இருந்தால் ஐந்து முதல் பத்து வருஷத்தில் வரும். மிகக் கடுமையாக இருந்தால் சில மாதங்களிலேயே ஆளை விழுத்திவிடும். 1930, 31இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் ஹோக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து நீர்ச் சுரங்கம் வெட்டினார்கள். பாறை முழுக்கச் சிலிக்கா. தண்ணீர் விடாமல் உலர்வாகத் துளைத்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் செத்துப்போனார்கள், பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். அந்த வேலை இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி குறையும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

சிலிக்கா இதோடு நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. சிறுநீரக நோயும் சில வகை மூட்டுவாதமும்கூட இதோடு சேர்ந்து வரலாம். நம் நாட்டில் மிக நடைமுறையான தொல்லை காசநோய்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது மாஸ்க். முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். கட்டிட வேலைத்தலங்களில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த என் முதல் சில வருஷங்களில், அதே நீல மாஸ்க்கை நானும் பெட்டி பெட்டியாகக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கையெழுத்தும் வாங்கினேன். அது நோயாளியின் பக்கம் மருத்துவரின் எச்சில் தெறிக்காமலிருக்கச் செய்த துணி. இரண்டு கன்னத்திலும் விரல் நுழையும் இடைவெளி. மூச்சை இழுக்கும்போது காற்று துணியைத் தேடிப் போகாது, இடைவெளியைத்தான் தேடும். முகத்தில் கட்டுகிற துவாயும் அப்படித்தான், நனைத்துக் கட்டினாலும்.

ஆனால் “அப்ப நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் சரி” என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன் ஒன்று சொல்கிறேன். மாஸ்க் கடைசி வரிசை. முன்வரிசை தண்ணீர். தூசி பிறக்கும் இடத்திலேயே அதை நனைத்துவிட்டால் அது பறக்காது. பறந்த பிறகு மூக்கில் வைத்துப் பிடிப்பது திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு அறைக்கதவைப் பூட்டுகிற மாதிரி.

கிறஷரில் தூசி பிறக்கும் இடங்கள் எண்ணக்கூடியவை. லொறி கல்லைக் கொட்டும் வாய், தாடை, சலிக்கும் சல்லடை, ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குச் சல்லி விழும் இடம், கடைசியில் குவியலின் உச்சி. இந்த ஒவ்வொன்றிலும் பனிபோலத் தெளிக்கும் நொசில் வைக்க வேண்டும். வாளியால் ஊற்றுகிற மாதிரிப் பெரிய துளியாக இருந்தால் சின்னத் துகள் துளியைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போய்விடும், துளியும் நுணுக்கமாக இருக்க வேண்டும். ஒரு தாங்கி, ஒரு மோட்டர், கொஞ்சம் பைப். தாடையையும் சல்லடையையும் தகரத்தாலோ ரப்பர் விரிப்பாலோ மூடிவிட்டால் இன்னும் நல்லது. முற்றத்துக்கு பவுசரில் தண்ணீர் விட வேண்டும், லொறிச் சில்லு அரைப்பதும் கல்தூசியைத்தான். பாறையில் துளைபோடும் மெஷினுக்கும் தண்ணீர் இணைக்கிற வகை உண்டு. தண்ணீர் விட்டால் சல்லி எடை கூடுகிறது, சல்லடை அடைக்கிறது என்று சுப்பவைசர் சொல்லுவார். அளவு தெரியாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். அளவாகத் தெளித்தால் பிரச்சினை இல்லை.

அப்புறம் காற்று. வைகாசி பிறந்தால் நம் பக்கம் கச்சான் தொடங்கிவிடும். மேற்கிலிருந்து வரும் அந்த வரண்ட காற்றில் தெளித்த தண்ணீர் அரை மணியில் காய்ந்துவிடும், குவியலின் உச்சியிலிருந்து தூசி ஊர்வரை போகும். மாரியில் வாடைக்காற்றும் மழையும் செய்து தரும் வேலையைக் கச்சான் மாதங்களில் நாமே செய்ய வேண்டும், இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு. தேநீர் குடிக்கும் கொட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தம்பியிடம் கேளுங்கள். பல இடங்களில் அது குவியலுக்குக் கிழக்கே, கச்சான் தூசியைச் சுமந்து வந்து சேரும் இடத்தில் இருக்கும், நிழல் மரம் அங்கே நிற்கிறது என்பதற்காக. கொட்டிலை இடம்மாற்ற நாலு தடியும் கொஞ்சம் கிடுகும் போதும்.

உண்மையில் கிறஷரைவிட எனக்குத் தம்பியின் மற்ற வேலைதான் அதிகக் கவலை தருகிறது. திறந்த வெளியில் கிறஷர் ஓடுகிறது. டைல்ஸ் வெட்டும், சுவர் கீறும் கை மெஷினான கிறைண்டர் மூடிய அறைக்குள் ஓடுகிறது, முகத்திலிருந்து ஒன்றரை அடித் தூரத்தில். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கட்டிட வேலை பெருகிய காலத்தில், வயர் இழுக்கச் சுவரைக் கீறும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். கதவை மூடிவிட்டுக் கீறுவார்கள், மற்ற அறைக்குத் தூசி போகக் கூடாது என்று. பத்து நிமிஷத்தில் உள்ளே ஆள் தெரியாது. ஒரு முழு நாள் எல்லையை அந்தப் பத்து நிமிஷமே தாண்டிவிடும். கொங்கிறீட்டிலும் செங்கல்லிலும் மணல் இருக்கிறது, மணல் என்றால் குவார்ட்ஸ்.

வெட்டும் மெஷினில் தண்ணீர்க் குழாய் இருக்கும் வகையை வாங்க வேண்டும். நிமிஷத்துக்கு அரை லீற்றர் தண்ணீர் பிளேட்டில் விழுந்தால் போதும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தூசி சேறாக இறங்கிவிடும். தண்ணீரும் கரண்டும் சேருவதால், கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் இதைச் செய்யவே கூடாது. சுவர் கீறுவதற்குத் தண்ணீர் சரிவராது. அதற்குத் தூசியை அங்கேயே உறிஞ்சும் மூடியும் நல்ல வடிகட்டி உள்ள வேக்கியூமும் வேண்டும். அது இல்லையென்றால் உளியும் சுத்தியலும் எவ்வளவோ மேல், வேலை மெதுவாகப் போனாலும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. பென்றி மேசைக்கு இப்போது பலர் கேட்கும் ‘குவார்ட்ஸ் டொப்’ மலையிலிருந்து வெட்டிய கல் இல்லை. குவார்ட்ஸ் தூளைப் பிசினில் ஒட்டிச் செய்த பலகை. சில வகையில் 90 வீதத்துக்கும் மேல் சிலிக்கா. அவுஸ்திரேலியாவில் இதை வெட்டிய இளம் வயதுத் தொழிலாளர்களுக்கே நோய் வந்ததால், 2024 யூலை 1 முதல் அந்நாட்டில் இந்தப் பலகையை வெட்டுவதையே தடை செய்துவிட்டார்கள். தம்பியிடம் இந்த வேலை வந்தால் உலர்வாக ஒரு வெட்டுக்கூட வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் வேலையையே விட்டுவிடச் சொல்லுங்கள். கூலி நல்லதுதான், தெரியும்.

இடையில் ஒரு வார்த்தை: படகிலும் இரும்பிலும் துரு எடுக்க மணலைக் காற்றோடு அடிக்கிறார்களே, அது இந்த எல்லாவற்றையும்விட மோசம். பிரிட்டனில் வார்ப்பிரும்பு வேலைகளில் இதற்குச் சிலிக்கா மணல் பாவிப்பதை 1949 ஒழுங்குவிதியிலேயே தடுத்துவிட்டார்கள். கார்னெட் மணலோ இரும்புக் குறுணியோ பாவிக்கலாம். புல்மோட்டைக் கறுப்பு மணலைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அது பெரும்பாலும் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் என்ற வேறு கனிமங்கள். அங்கேயும் தூசி தூசிதான், ஆனால் இந்தப் பதிலில் நான் பேசும் கதை வேறு.

சரி, தண்ணீர் விட்டும் மிஞ்சுகிற தூசிக்கு மாஸ்க் வேண்டும். நுண்துகளை வடிகட்டும் தரக் குறியீடான என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டி போகும் வகைதான் முகத்தில் இறுகும். மூக்குப் பாலத்தில் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்த வேண்டும். இரண்டு உள்ளங்கையாலும் மூடி ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கோ கன்னத்துக்கோ காற்று வந்தால் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தினால் உள்ளே போகும் தூசி பத்தில் ஒன்றாகக் குறையும், அவ்வளவுதான். அறைக்குள் எல்லையைப் போல ஐம்பது மடங்கு தூசி இருந்தால் பத்தால் பிரித்தும் ஐந்து மடங்கு மிஞ்சும். தண்ணீர் முதலில் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் கணக்கு இதுதான். நாள் முழுக்கத் தூசியில் நிற்பவருக்கு, வடிகட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளும் ரப்பர் அரைமுகக் கவசம் நீண்ட காலத்தில் மலிவு.

தாடி வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் பொருந்தாது. மயிர் நடுவே நிற்பதால் ரப்பர் தோலோடு ஒட்டாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நண்பர்கள் பலருக்குத் தாடி மார்க்கக் கடமை, அதை எடு என்று சொல்வது முறையில்லை, தேவையும் இல்லை. பற்றரியில் ஓடும் சின்ன விசிறி வடிகட்டிய காற்றை ஊதும் தலைமூடி உண்டு, அது முகத்தில் ஒட்டத் தேவையில்லை. விலை கூடத்தான். ஒரு தளத்துக்கு இரண்டு வாங்கி, தூசி அதிகமான வேலையைச் செய்பவருக்குக் கொடுக்கலாம்.

கச்சான் வெயிலில் மாஸ்க்கோடு எட்டு மணித்தியாலம் நில் என்று சொல்பவர் தான் ஒரு மணித்தியாலம் போட்டுப் பார்க்க வேண்டும். வியர்வையில் ஊறிய மாஸ்க்கில் மூச்சு வராது, ஆள் கழற்றத்தான் செய்வார். தூசி கூடிய வேலையைக் காலை வெயில் ஏறுமுன் முடிப்பது, ஆளை மாற்றி மாற்றி நிறுத்துவது, மத்தியானத்துக்கு இன்னொரு புது மாஸ்க் கொடுப்பது, இவை இல்லாவிட்டால் மாஸ்க் கழுத்தில்தான் தொங்கும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. வேலை முடிந்ததும் எயார் பைப்பால் சட்டையில் ஊதித் தூசி தட்டுவது பலருக்குப் பழக்கம், அதை விடச் சொல்லுங்கள். தளத்தைத் தும்புத்தடியால் உலர்வாகக் கூட்டுவதும் அப்படித்தான், தண்ணீர் தெளித்துக் கூட்ட வேண்டும், சேறு காயுமுன் அள்ள வேண்டும். காய்ந்த சேறு மறுபடி தூசிதான். வேலை உடுப்பைத் தளத்திலேயே மாற்றி, ஒரு பையில் கட்டி வரட்டும். நீங்கள் அதை முற்றத்தில் உதறாமல், நேரே தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள். உதறும் கை உங்களுடையது, பக்கத்தில் நிற்கும் மூக்கு பிள்ளையினுடையது.

இனி ஆஸ்பத்திரி. தம்பி இந்த மாதமே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கட்டும், ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையும் செய்யட்டும். நோய் இல்லாவிட்டாலும் அது பிறகு ஒப்பிட ஒரு அடிப்படை. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது, திருகோணமலையிலும் இருக்கிறது. அங்கே போனதும் முதல் வாக்கியமாகத் தொழிலைச் சொல்ல வேண்டும்: “ஏழு வருஷம் கிறஷர், இடையில் கிறைண்டர் வேலை.” நம் ஆட்கள் இருமலைச் சொல்வார்கள், சளியைச் சொல்வார்கள், தொழிலைச் சொல்ல மாட்டார்கள். டொக்டரும் நெரிசலில் கேட்க மறந்துவிடலாம். சிலிக்கோசிஸ் முடிச்சுகள் நுரையீரலின் மேல்பாதியில்தான் முதலில் தெரியும். காசநோயும் அந்த இடத்தையே விரும்பும். தொழில் தெரியாத டொக்டருக்கு ஒன்று மற்றதாகத் தெரிவது ஆச்சரியமில்லை. சில வேளை இரண்டும் சேர்ந்தே இருக்கும். சிலிக்கா அந்தத் துப்புரவு அணுக்களைக் கொன்றுவிடுவதால் காசநோய்க் கிருமிக்கு எதிர்ப்புக் குறைந்துவிடுகிறது. அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவு வியர்வை, எடை குறைவு எது வந்தாலும் சளிப் பரிசோதனை. காசநோய்க்கு அரச மருத்துவம் இலவசம், முழுசாக மாறும். சிலிக்கோசிஸ் மாறாது. தூசியை நிறுத்தினால் வேகம் குறையும், அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் பயன் இருக்கிறது. சிகரெட், பீடி இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்து விடச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் யார் பேசுவது? தம்பி தனியாகப் போய்ப் பேச வேண்டாம், நாட்சம்பள ஆளுக்கு அடுத்த நாள் வேலை இல்லாமல் போகலாம். நாலைந்து பேர் சேர்ந்து, மாஸ்க்கைப் பற்றிப் பேசாமல் தண்ணீர் நொசிலைப் பற்றிப் பேசட்டும். அயலவர் முறைப்பாடு போட்டால் உரிமத்துக்குத் தொல்லை வரும் என்பது முதலாளிக்குத் தெரியும், தூசி குறைந்தால் அவருக்கும் லாபம். கல் உடைக்கும் அனுமதி 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. தொழிற்சாலைகளுக்கு 1942இன் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அதைத் தொழில் திணைக்களம் பார்க்கிறது. எழுத்தில் முறைப்பாடு செய்யத் தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வாயால் சொல்லலாம். டெங்குக்கு வீடு வீடாக வருகிறாரே, அவர்தான். வேலைத்தலச் சுகாதாரமும் அவர் பொறுப்பில் வரும்.

வேலையால் வந்த நோய்க்கும் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. சிக்கல் நிரூபிப்பதில்தான். பத்து வருஷத்துக்குப் பிறகு நோய் தெரியும்போது கிறஷர் கைமாறியிருக்கும், சம்பளச் சிட்டை இருக்காது. ஆகவே இன்றைக்கே ஒரு நூறு பக்கக் கொப்பி வாங்குங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், என்ன வேலை, கூட யார் நின்றார்கள் என்று தம்பி சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஈபிஎஃப் கட்டியிருந்தால் அந்த இலக்கத்தையும் எழுதுங்கள். இப்போது எடுக்கும் எக்ஸ்ரே படத்தின் பின்னால் திகதி போட்டு, மடிக்காமல், உறையோடு அலுமாரிக்கு மேல் வையுங்கள். அடுத்த படம் எடுக்கும்போது இதையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.